அட்டை மாறினால் ஏன் தடுமாறுகிறான்? குறுகிய பார்வைக் கவனம் பற்றி ஒரு பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஏழு வயது மகனுக்கு ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் இருப்பதாக மருத்துவர்கள் உறுதி செய்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளாகச் சொல் அட்டைகளை வைத்துப் பயிற்சி நடக்கிறது. பழைய அட்டைக் கட்டிலிருந்து 'பால்' என்ற அட்டையைத் தவறாமல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன், அதே சொல்லை நீங்கள் புதிய அட்டையில் எழுதிக் காட்டியதும் திகைத்து நின்றான். பிறகு பார்த்தால், பழைய அட்டையின் ஒரு மூலை கிழிந்திருந்தது. நெற்றியில் திருநீறு இல்லாமல் தாத்தா குளித்துவிட்டு வந்த அன்று, அவரைப் புது ஆளைப் போலப் பார்த்து ஒதுங்கிப் போனான். பள்ளியில் கேட்டதற்கு, கவனம் குறைவு என்றும், பயிற்சியை இரட்டிப்பாக்கலாம், இல்லாவிட்டால் கீழ்நிலைப் பாடத்துக்கே திரும்பலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். உறவினர் ஒருவர் கண் பயிற்சி மையம் ஒன்றுக்குப் போகச் சொல்கிறார். இது கண் கோளாறா, கவனக் கோளாறா, எவ்வளவு பயிற்சி கொடுத்தால் சரியாகும் என்பது நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி.

அதற்குள் நீங்கள் எழுதாத இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: இத்தனை நாள் இவன் எதையுமே கற்றுக்கொள்ளவில்லையா? அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல விரும்புகிறேன். அவன் கற்றுக்கொண்டான், நாம் கற்பித்ததாக நினைத்ததைவிட வேறொன்றைக் கற்றுக்கொண்டான். 'பால்' எது என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் 'கிழிந்த அட்டை எது' என்ற கேள்விக்கு அவன் சரியான விடை கொடுத்துக்கொண்டிருந்தான், நாமும் ஒவ்வொரு முறையும் கைதட்டி அதை உறுதிப்படுத்திக்கொண்டிருந்தோம். பல அடையாளங்கள் சேர்ந்து வரும்போது ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும் இந்தப் போக்கைத்தான் தலைப்பில் குறுகிய பார்வைக் கவனம் என்றேன். நான் சிறப்பாசிரியராக இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இத்தகைய குழந்தைகளோடு வேலை செய்கிறவள். மருத்துவரோ உளவியல் ஆய்வாளரோ அல்ல. உங்கள் மகனை நான் பார்த்ததுமில்லை. ஆகவே கீழே சொல்வதில் ஆய்வுகள் உறுதியாகக் காட்டியவை எவை, இன்னும் விவாதத்தில் உள்ளவை எவை, என் கைப்பழக்கத்தில் தெரிந்தவை எவை என்று பிரித்தே சொல்ல முயல்கிறேன்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஐவர் லோவாஸ், லாரா ஷ்ரைப்மன், ராபர்ட் கெகல் உள்ளிட்டோர் செய்து 1971-இல் வெளியிட்ட சோதனைதான் இந்தத் துறையின் தொடக்கம். சிவப்பு விளக்கொளி, ஒலிபெருக்கியிலிருந்து இரைச்சல், காலில் கட்டிய பட்டையின் அழுத்தம் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் வரும்போது மட்டும் ஒரு பிடியை அழுத்தக் குழந்தைகளுக்குப் பழக்கினார்கள். எல்லோரும் கற்றுக்கொண்ட பிறகு, மூன்றையும் பிரித்துத் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இயல்பான வளர்ச்சியுள்ள குழந்தைகள் எதைக் கொடுத்தாலும் அழுத்தினார்கள். ஆட்டிசமுள்ள குழந்தைகள் பெரும்பாலும் ஒன்றுக்கு மட்டுமே அழுத்தினார்கள். சிலருக்கு அது ஒளி, சிலருக்கு ஒலி. அறிவுசார் குறைபாடு மட்டும் உள்ள குழந்தைகள் இரண்டுக்கும் இடையில் நின்றார்கள். இதையடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. ஒரு குழந்தை கண்டுகொள்ளாமல் விட்ட தூண்டலை மட்டும் தனியாக வைத்துப் பழக்கினார்கள்; அதற்கும் அந்தக் குழந்தை பதில் கொடுக்கக் கற்றுக்கொண்டது. அதாவது காது கேட்காமலோ கண் தெரியாமலோ அது விட்டுவிடவில்லை. பலவற்றோடு சேர்ந்து வரும்போதுதான் ஒன்று மற்றவற்றை விழுங்கிவிட்டது.

லோவாஸின் பெயரைச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. அடியும் மின்னதிர்ச்சியும் கொடுத்துக் குழந்தைகளின் நடத்தையை மாற்ற முயன்றவர்களில் அவரும் ஒருவர். அந்த முறைகளை இன்று யாரும் நியாயப்படுத்தக் கூடாது. ஆனால் மேலே சொன்ன சோதனையின் கண்டுபிடிப்பு அந்த முறைகளைச் சார்ந்து நிற்கவில்லை. பிற ஆய்வகங்களிலும் அதே போக்கு மீண்டும் மீண்டும் காணப்பட்டிருக்கிறது.

உங்கள் வீட்டுக் கதைக்கு நெருக்கமான சோதனைகளும் அப்போதே நடந்தன. 1973-இல் ஷ்ரைப்மனும் லோவாஸும் ஓர் ஆண் பொம்மையையும் ஒரு பெண் பொம்மையையும் பிரித்தறியக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு உடைகளை மாற்றிப் பார்த்தபோது, ஆட்டிசமுள்ள குழந்தைகள் பலர் காலணி போன்ற ஒரே ஓர் உருப்படியை வைத்தே இரண்டையும் பிரித்துவந்தது தெரிந்தது. தாத்தாவின் திருநீறு எனக்கு உடனே நினைவுபடுத்தியது இதைத்தான். 1975-இல் ரின்கோவரும் கெகலும் பத்துக் குழந்தைகளுக்கு அறைக்குள் ஒரு செயலைக் கற்றுக்கொடுத்து, வெளியே வேறொருவரைக் கேட்கச் சொன்னார்கள். நான்கு குழந்தைகள் வெளியே எதுவும் செய்யவில்லை. தேடிப் பார்த்தால், அந்த நால்வரும் வாய்மொழிக் கட்டளையைப் பிடித்துக்கொள்ளவே இல்லை. ஆசிரியரின் கை அசைவையோ, அறையிலிருந்த மேசை நாற்காலியையோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தற்செயலான அடையாளத்தை வெளியே கொண்டுவந்து வைத்ததும் கற்றது திரும்ப வந்தது. 'கிளாஸில் செய்கிறான், வீட்டில் செய்வதில்லை' என்று பெற்றோரும், 'வீட்டில் செய்கிறானாம், இங்கே ஒன்றும் காணோம்' என்று ஆசிரியர்களும் மாறி மாறிக் குறைபட்டுக்கொள்ளும்போதெல்லாம் அந்த மேசை நாற்காலியை நான் நினைத்துக்கொள்வேன்.

இந்தப் போக்கு ஆட்டிசத்துக்கு மட்டும் உரியதில்லை என்பதும் ஏறத்தாழ உறுதியாகிவிட்டது. அறிவுசார் குறைபாடு எந்தக் காரணத்தால் வந்திருந்தாலும், மன வயது குறையக் குறைய இது கூடுகிறது. மிகச் சிறு வயதுக் குழந்தைகளிடம் இயல்பாகவே ஓரளவு இருக்கிறது. குழந்தைகள் மட்டுமென்ன, 1961-இல் ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளர் இரண்டு புறாக்களுக்குச் சிவப்புப் பின்னணியில் வெள்ளை முக்கோணம் வந்தால் கொத்தப் பழக்கினார். பிரித்துக் காட்டியபோது ஒரு புறா சிவப்பை மட்டும் கொத்தியது, மற்றது முக்கோணத்தை மட்டும் கொத்தியது. ஒரே பயிற்சி, இரண்டு வேறு பாடங்கள். மறுபக்கம், ஆட்டிசமுள்ள எல்லாக் குழந்தைகளிடமும் இது இருப்பதாக எண்ணுவதும் தவறு. ஷ்ரைப்மன் பங்கேற்று 2015-இல் வெளியான ஆய்வொன்றில், சோதித்த குழந்தைகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கினரிடமே இது தென்பட்டது. எனவே சான்றிதழைப் பார்த்து முடிவு செய்யாமல், உங்கள் மகனிடம் எந்தப் பாடத்தில், எந்த அளவுக்கு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எழுத்தில் குறுகிப் பார்க்கும் குழந்தை, ரயில் படங்களில் பெட்டிக்குப் பெட்டி வித்தியாசம் சொல்லும்.

ஏன் இப்படி நிகழ்கிறது என்பதில்தான் ஒருமித்த கருத்து இல்லை. கண்ணே அந்தப் பகுதிக்குப் போவதில்லை என்பது ஒரு விளக்கம். மாசசூசெட்ஸின் ஷ்ரைவர் மையத்தில் வில்லியம் டூபும் அவருடைய குழுவினரும் கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தபோது, சிலருக்கு இது பொருந்தியது. வேறு சிலரோ எல்லாவற்றையும் பார்த்துவிட்டும் ஒன்றையே பயன்படுத்தினார்கள். பிரிட்டனில் ஃபில் ரீட் என்ற ஆய்வாளர் முன்வைக்கும் விளக்கம் வேறு. குழந்தை பிடித்துக்கொண்ட அடையாளத்துக்கு இனிப் பலன் இல்லை என்று ஆக்கிவிட்டால், அதுவரை தெரியாததுபோல் இருந்த மற்ற அடையாளம், யாரும் தனியாகக் கற்பிக்காமலேயே, சிலரிடம் தலைகாட்டுகிறது. அப்படியானால் அது உள்ளே பதிந்துதான் இருந்தது, வெளியே எடுக்கும்போதுதான் அடிபட்டுப்போனது என்று வாதிடுகிறார். குறைபாடு கடுமையாக உள்ள குழந்தைகளிடம் இந்த மீட்சி தெளிவாகக் கிடைப்பதில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே காரணம் இராது என்பது என் எண்ணம். ஆட்டிசமுள்ளவர்கள் முழுமையைவிட நுணுக்கத்தைப் பார்க்கிறார்கள் என்ற உளவியலாளர் உட்டா ஃப்ரித்தின் கருத்தையும், தங்களுக்குப் பிடித்த ஒன்றிலேயே ஆழ்ந்துவிடுகிறார்கள் என்ற கருத்தையும் பலர் இதோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். அவை அக்கம்பக்கத்து வீடுகள். ஒரே வீடு என்று எண்ண வேண்டாம். உங்கள் மகன் மின்விசிறியை அரைமணி நேரம் பார்ப்பதற்கும் கிழிந்த மூலையைப் பிடித்துக்கொண்டதற்கும் ஒரே மருந்து கிடையாது.

கண்ணைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள். நான் பார்த்த குழந்தைகளில், 'கவனிப்பதில்லை' என்று முத்திரை குத்தப்பட்ட சிலருக்கு உண்மையில் கண்ணாடிதான் தேவைப்பட்டது. அதைவிடச் சிக்கலானது, கண் நன்றாக இருந்தும் மூளை பார்வையைக் கையாள்வதில் உள்ள குறைபாடு. குறைமாதத்தில் பிறந்தவர்கள், பிறக்கும்போது ஆக்சிஜன் குறைவுக்கு ஆளானவர்கள், மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் ஆகியோரிடம் இதை முக்கியமாகச் சந்தேகிக்க வேண்டும். தனியாக ஒரு பொம்மையை வைத்தால் கண்டுபிடித்துவிடும் குழந்தை, பொம்மைப் பெட்டிக்குள் அதையே தேட முடியாமல் திணறும். நெருக்கமாக அச்சிட்ட பக்கத்தில் தடுமாறும். பார்வைப் புலத்தின், அதாவது ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் பரப்பின், கீழ்ப்பகுதி தெரியாமல் படியிறங்கத் தயங்கும். ஸ்காட்லாந்தின் கண் மருத்துவர் கார்டன் டட்டன் இதை விரிவாக எழுதியிருக்கிறார். வழக்கமான எழுத்து வரிசைச் சோதனையில் இது பிடிபடாமல் போகலாம். ஆகவே குழந்தைகள் கண் மருத்துவரிடம் போகும்போது 'பார்வைக் கூர்மை மட்டும் போதாது, பார்வைப் புலத்தையும் பாருங்கள், நெருக்கத்தில் தடுமாறுகிறானா என்றும் பாருங்கள்' என்று கேளுங்கள். பிறப்புக் கால மருத்துவக் குறிப்புகளையும் எடுத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம் இருக்குமிடத்தில் அங்கேயே தொடங்கலாம். வீட்டில் நான் பயன்படுத்தும் ஒரு சிறு உத்தி உண்டு. இதை நோயறிதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அட்டையை இடமும் வலமும் மேலும் கீழுமாக நகர்த்திப் பாருங்கள். தவறு எப்போதும் ஒரு குறிப்பிட்ட பக்கத்தில், அல்லது அட்டைகள் கூடும்போது மட்டும் நிகழ்ந்தால் மருத்துவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். எந்த இடத்தில் வைத்தாலும் அவன் தேடுவது அந்தக் கிழிசலையே என்றால் நாம் பேசிக்கொண்டிருக்கும் விஷயம்தான்.

கண் பயிற்சி மையத்தைப் பொறுத்தவரை என் பதில் சுருக்கமானது. கண் தசைப் பயிற்சிகளால் கற்றல் குறைபாடுகள் தீரும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் கண் மருத்துவர் கழகமும் 2009-இல் கூட்டாக அறிவித்தன. உங்கள் மகனின் சிக்கலுக்கு அந்தப் பயிற்சி உதவும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தென்படவில்லை. அந்தப் பணத்துக்கு வெள்ளை அட்டையும் மார்க்கர் பேனாவும் வாங்கினால் பல ஆண்டுகளுக்கு வரும்.

இனி, அவன் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று கண்டுபிடிப்பது எப்படி? முறை 1971-இல் செய்ததேதான்: சேர்ந்து வந்தவற்றைப் பிரித்துக் காட்ட வேண்டும். கிழியாத புது அட்டையில் 'பால்', கிழித்த அட்டையில் 'தோசை', கிழியாத இன்னோர் அட்டையில் 'நாய்' என்று எழுதி வைத்து, 'பால்' எங்கே என்று கேளுங்கள். எதை எடுத்தாலும் திருத்தாதீர்கள், பாராட்டவும் வேண்டாம். சோதிக்கும்போது கற்பிக்கக் கூடாது. இடையிடையே அவனுக்கு நன்றாகத் தெரிந்ததைக் கேட்டுப் பாராட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சலித்து எழுந்துவிடுவான். அடுத்து நிறத்தை மாற்றுங்கள், எழுத்தின் அளவை மாற்றுங்கள், படம் இருந்தால் படத்தை மறையுங்கள், கேட்கும் ஆளை மாற்றுங்கள்; ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டே அட்டைகளை வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலே பாதி சரியாகிவிடும் என்பதால் குறைந்தது மூன்று அட்டைகள் வேண்டும். விடை எந்த இடத்தில் வைக்கப்பட்டது என்பதையும் எழுதி வையுங்கள். எப்போதும் நடுவில் இருப்பதை எடுக்கும் குழந்தைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அட்டையைப் படிப்பதில்லை, மேசையைப் படிக்கிறார்கள்.

இதில் ஒரு கணக்கை மட்டும் புரிந்துகொள்ளுங்கள், பிறகு மதிப்பெண் தாளைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். டூபும் அவருடைய சக ஆய்வாளர் மெக்கில்வேனும் பயன்படுத்திய சோதனையில் இரண்டு படங்களைச் சேர்த்துக் காட்டிவிட்டு மறைத்துவிடுவார்கள். பிறகு மூன்று படங்களைக் காட்டுவார்கள். அவற்றில் ஒன்று முன்பு காட்டிய இரண்டில் ஒன்றாக இருக்கும். இரண்டில் ஒன்றை மட்டும் கவனிக்கும் குழந்தை, அந்தப் படமே விடையாக வரும் பாதித் தடவைகளில் முழுச் சரியாகச் சொல்லிவிடும். மீதிப் பாதியில் குத்துமதிப்பாக மூன்றில் ஒன்று சரியாகும். கூட்டினால் நூற்றுக்கு 67 வரும். 67 என்பதைப் பார்த்ததும் பள்ளியில் 'சுமார்தான், இன்னும் கொஞ்சம் பழகினால் வந்துவிடும்' என்று எழுதுவார்கள். அந்த எண்ணுக்குள் இருப்பதோ ஒன்றில் முழு அறிவும் மற்றதில் முழு அறியாமையும். மாதக்கணக்கில் அதே அளவில் நிற்கும் மதிப்பெண்ணைக் கண்டால் நான் பயிற்சியைக் கூட்டச் சொல்வதில்லை. விடைகளைப் பிரித்துப் பார்க்கச் சொல்வேன்.

தமிழ் எழுத்து இந்த விஷயத்தில் நம்மைக் கடுமையாகவே சோதிக்கிறது. பல்லும் பாலும், கல்லும் காலும், மலையும் மாலையும், படமும் பாடமும் ஒரு துணைக்காலால் (ா) மட்டுமே வேறுபடுகின்றன. கெ, கே இரண்டுக்கும் வித்தியாசம் கொம்பின் சுழியில் இருக்கிறது. 'கொ'வில் கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம். இடப்பக்கத்தை மட்டும் பார்க்கும் குழந்தைக்கு அது கெ, வலப்பக்கத்தை மட்டும் பார்க்கும் குழந்தைக்கு அது கா. னகரமும் ணகரமும் ஒரு சுழியால் பிரிகின்றன, கவும் க்-கும் ஒரு புள்ளியால். நாமோ அம்மா, பால், தோசை, நாய் என்று முதல் எழுத்திலேயே வேறுபடும் சொற்களாகத் தேர்ந்தெடுத்து முதல் கட்டை அச்சிட்டுக் கொடுக்கிறோம். முதல் எழுத்தை மட்டும் பார்த்தாலே போதும் என்று அந்தக் கட்டே குழந்தைக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. பிறகு ஒரு நாள் அப்பா, அக்கா, அண்ணா, அத்தை எல்லாம் சேர்ந்து வரும்போது, இதுவரை படித்த குழந்தை திடீரென்று பின்வாங்கிவிட்டதாகத் தோன்றுகிறது. நானே பல ஆண்டுகள் அப்படித்தான் கற்பித்தேன். 'அம்மா'வை நன்றாகப் படித்த ஒரு சிறுமி 'அப்பா', 'அக்கா' எல்லாவற்றையும் 'அம்மா' என்றே படித்தபோதுதான், எனக்கு முதன்முதலாக அட்டைக் கட்டின் மேல் சந்தேகம் வந்தது.

ஆகவே சிகிச்சையின் முதல் பாதி, ஒரே அடையாளம் போதாதபடி பாடத்தை அமைப்பது. 'பால்' அட்டையை வெவ்வேறு நிறத்தில், வெவ்வேறு கையெழுத்தில், ஆறேழு விதமாக எழுதிக்கொள்ளுங்கள்; எந்தக் கறையும் கிழிசலும் விடையோடு மட்டும் ஒட்டிவராமல் இருக்கும். பக்கத்தில் வைக்கும் தவறான அட்டைகளைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்: 'பால்' விடையானால் 'பல்', 'கால்' இரண்டும் உடன் இருக்கட்டும். முதலில் உள்ள 'ப' வடிவத்தை மட்டும் பார்ப்பவன் 'பல்'லில் தவறுவான், காலைக் கண்டதும் கை வைப்பவன் 'கால்' அட்டையில் தவறுவான். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவனுக்குத்தான் விடை கிடைக்கும். ஆனால் இந்த மூன்றையும் முதல் நாளே கொட்டிவிடாதீர்கள், அழுகைதான் மிஞ்சும். பொருள்களிலும் இதையே செய்யலாம். சிவப்புக் கிண்ணம், நீலக் கிண்ணம், சிவப்புக் கரண்டி மூன்றையும் வைத்து 'சிவப்புக் கிண்ணம் கொடு' என்றால், நிறமும் வேண்டும், பொருளும் வேண்டும். கெகலும் ஷ்ரைப்மனும் 1977-இல் காட்டியது இதைத்தான்: இரண்டு அடையாளங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும் என்ற பயிற்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தபோது, குழந்தைகள் படிப்படியாகப் புதிய பாடங்களையும் அப்படியே அணுகத் தொடங்கினார்கள்.

மறுபாதி, நம் கையைக் கட்டிப்போடுவது. சரியான அட்டையை விரலால் சுட்டுவது, சற்று முன்னால் நகர்த்தி வைப்பது, கண்ணால் ஜாடை காட்டுவது ஆகிய எல்லாம் தெரபி மொழியில் பிராம்ப்ட். குறுகிப் பார்க்கும் குழந்தை விரலைத்தான் பார்க்கும், எழுத்தைப் பார்க்காது. விரலை எடுத்ததும் பாடமும் போய்விடும். 1975-இல் ஷ்ரைப்மன் இரண்டு வகை உதவிகளை ஒப்பிட்டார். சுட்டுவது போல வெளியிலிருந்து சேர்க்கும் உதவியோடு கற்றபோது குழந்தைகள் பெரும்பாலும் தோற்றார்கள். வேறுபடுத்தும் பகுதியையே பெரிதாக்கிக் காட்டிப் பிறகு மெல்ல மெல்ல இயல்பான அளவுக்குக் கொண்டுவந்தபோது பெரும்பாலும் வென்றார்கள். தமிழில் இதைச் செய்வது எளிது. 'பால்' என்பதில் காலை மட்டும் இருமடங்கு உயரமாக, தடித்த கோட்டில் எழுதுங்கள். நான்கைந்து நாளுக்கு ஒரு முறை கொஞ்சம் குறையுங்கள். அவன் தவறினால் ஒரு படி பின்னுக்குப் போங்கள். காலைச் சிவப்பு மையில் எழுதலாமா என்று பலர் கேட்பார்கள். நான் தவிர்ப்பேன், சிவப்பு என்ற நிறத்தையே அவன் பாடமாக எடுத்துக்கொண்டுவிட வாய்ப்பு அதிகம்.

இன்னொரு வழி, விடை சொல்வதற்கு முன் முழுவதையும் பார்த்தே ஆக வேண்டிய ஒரு செயலைச் செருகுவது. 'பால்' என்ற சொல்லைக் காட்டியதும் எழுத்துக் கட்டைகளில் 'பா', 'ல்' இரண்டையும் தேடி எடுத்து வரிசையாக வைத்துவிட்டு, அதன் பிறகு படத்தை எடுக்கட்டும். டூபும் மெக்கில்வேனும் 1999-இல் இத்தகைய முன்செயலைச் சோதித்தபோது மதிப்பெண்கள் நன்றாக உயர்ந்தன. முன்செயலை நீக்கியதும் பழைய நிலைக்கே இறங்கிவிட்டன. ஒன்றையொன்று ஒத்திருக்கும் சொற்களை வைத்துப் பின்னர் செய்த ஆய்வில், நீக்கிய பிறகும் முன்னேற்றம் தங்கியதாகத் தெரிகிறது. ஆனால் இந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. எனவே இதை ஊன்றுகோல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சடாரென்று பிடுங்காமல், முதலில் இரண்டு எழுத்தையும் எடுப்பது, பிறகு ஒன்றை மட்டும் எடுப்பது, பிறகு விரலால் தொடுவது என்று குறைத்துக்கொண்டு போவது என் வழக்கம். சிலரிடம் தங்கியது, சிலரிடம் ஓராண்டுக்குப் பிறகும் ஊன்றுகோல் தேவைப்பட்டது.

அட்டைக்கு வெளியே ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன், ஏனென்றால் இது படிப்போடு நிற்கும் விஷயமில்லை. என்னிடம் வந்த ஓர் இளைஞர் நூறு ரூபாய் நோட்டை நன்றாக அறிவார் என்று வீட்டில் சொன்னார்கள். அவர் அறிந்தது புதிய நோட்டின் இளம் ஊதா நிறத்தை. கடையில் பழைய நூறு ரூபாய் நோட்டு சில்லறையாக வந்தால் வாங்க மறுத்து நின்றுவிடுவார். அதுவும் செல்லும் என்று கடைக்காரர் எவ்வளவு சொல்லியும் பயனில்லை. எண்ணை மட்டும் பெரிதாகக் காட்டி, பழையதும் புதியதுமான பத்து, ஐம்பது, நூறு நோட்டுகளைக் கலந்து கொடுத்து, நிறத்தை நம்ப முடியாதபடி ஆக்கிய பிறகுதான் எண்ணைப் பார்க்கத் தொடங்கினார். நான்கு மாதங்கள் ஆயின. இருநூறு ரூபாய் நோட்டில் இன்றும் தடுமாறுகிறார்.

தாத்தா விஷயத்தில் மட்டும் அவசரப்பட்டு முடிவுக்கு வர வேண்டாம். முகங்களை அடையாளம் காண்பதில் தனியான சிரமம் உள்ள குழந்தைகள் உண்டு. மாற்றத்தையே விரும்பாமல் ஒதுங்குகிறவர்களும் உண்டு. ஒரு நாள் நிகழ்ச்சியை வைத்து எது என்று சொல்ல முடியாது. தாத்தா சில நாள் திருநீறு பூசிக்கொண்டும் சில நாள் பூசாமலும் அவனிடம் வரட்டும். வரும்போது பேசாமல் வந்து ஒரு முறை, 'கண்ணா' என்று அழைத்து ஒரு முறை பார்க்கட்டும். குரல் கேட்டதும் ஓடி வந்தால் அவனுக்குத் தாத்தாவைத் தெரியாமல் இல்லை, முகத்தில் அவன் பிடித்துக்கொண்டிருந்த கைப்பிடிதான் காணாமல் போயிருக்கிறது என்று கொள்ளலாம். தாத்தா மனம் வருந்தியதாக எழுதியிருந்தீர்கள். அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

எவ்வளவு நாளில் சரியாகும் என்பதற்கு என்னால் எண் சொல்ல முடியாது. சொல்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். இந்தப் போக்கு முற்றிலும் மறைந்த குழந்தைகளை நான் சிலரைத்தான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலோரிடம், கற்பித்த பாடங்களில் அகலமாகப் பார்க்கும் பழக்கம் வந்தது. களைப்பிலும் புது இடத்திலும் மீண்டும் குறுகியது. கீழ்நிலைப் பாடத்துக்குத் திரும்பச் சொல்கிறார்களே, அதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அங்கே இருப்பவை இன்னும் எளிதான, ஒரே அடையாளத்தில் பிரிந்துவிடும் அட்டைகள். அவன் ஏற்கெனவே மிக நன்றாகச் செய்வதை மீண்டும் பழக்குவதாகவே அது முடியும். பழைய கட்டைத் தூக்கி எறியவும் வேண்டாம். மேலே சொன்ன சோதனையை ஒரு வாரம், நாளுக்குப் பத்து நிமிடம் செய்து, எந்த அட்டையில் எதை மாற்றியபோது தவறினான் என்று ஒரு நோட்டில் எழுதி, அந்தக் கிழிந்த அட்டையையும் கிழியாத புது 'பால்' அட்டையையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு அவனுடைய ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். மேசைக்கு எதிரே உட்கார்ந்து அவரையே ஒரு முறை அந்த இரண்டு அட்டைகளையும் வைத்து உங்கள் மகனிடம் கேட்கச் சொல்லுங்கள்.